வாளியில் போட்ட போன்

அரிசி டப்பாவோடு வருகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் புதைத்து வைத்தால் சரியாகிவிடும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. உள்ளே போர்டில் உப்பு பூத்துக்கொண்டே போகும். இவர்கள் டப்பாவை மூடிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போய் வருவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பெண் எவர்சில்வர் டப்பாவை என் மேஜைமேல் வைத்தபோது, மூடியைத் திறக்கும் முன்பே திட்ட ஆரம்பித்துவிட்டேன்.

"இந்த அரிசில சோறுதான் பொங்கலாம். போன் சரியாவாது. எப்போ தண்ணில விழுந்துச்சு?"

"விழலக்கா. போட்டாங்க."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். இருபது வயதுக்கு மேல் இருக்காது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையின் நாடா. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் என்பது பேச்சிலேயே தெரிந்தது. கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் வேலை. என் கடைக்குப் பின்தெருவில் இருந்த பெண்கள் விடுதியில்தான் தங்கியிருந்தாள்.

ஒரகடம் சந்திப்பிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் அப்போது என் கடை இருந்தது. ஒரு மைக்ரோஸ்கோப், சூட்டுக்காற்று அடிக்கிற ஒரு ப்ளோயர், ஒரு பவர் சப்ளை, ஒரு மேஜை, அவ்வளவுதான் கடை. கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் மேஜை அதிரும். லாரி தாண்டும்வரை ட்வீசரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன்.

அவள் நடந்ததைச் சொன்னாள். விடுதியில் சாயங்காலம் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். வார்டன் பெயர் கூப்பிடுவாள். அந்த நேரத்தில் போனைத் தொடக்கூடாது என்பது விதி. அன்றைக்கு ஊரிலிருந்து அவளுடைய அம்மா கூப்பிட்டிருக்கிறாள். அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்திருந்த நாள் என்பதால் இவள் எடுத்துவிட்டாள்.

"பிள்ளை பொறந்துட்டுன்னு அம்மா சொன்னா. ஆணா பொண்ணான்னு கேக்கதுக்குள்ள வார்டன் வந்து புடுங்கிட்டாவ. பக்கத்துல மாப்பு போடுத வாளி இருந்துச்சு. எல்லாரும் பாத்துக்கிட்டே நிக்கோம், அதுல போட்டுட்டாவ. 'இனிமே எவளாவது எடுங்கடி பாப்போம்'னு சொன்னாவ. வரிசை முடியுத வரைக்கும் நான் எடுக்கக் கூடாதாம்."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லல. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். பேரு கூப்பிட்டாவ, பிரசண்ட் மேடம்னேன்."

பிறந்தது பெண் குழந்தை என்பது அடுத்த நாள் கம்பெனி கேன்டீனில் தோழியின் போன் வழியாகத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஏற்கெனவே ஒரு பெரிய கடையில் காட்டியிருந்தாள். போர்டு செத்துவிட்டது, புதுசு வாங்கிக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். புதுசு வாங்கு என்றுதான் நானும் சொன்னேன், கொஞ்சம் மரியாதையாக. இந்த மாடல் இப்போது பழசு, பார்ப்பதற்கு ஆகிற செலவுக்கு நல்ல போன் ஒன்றே வாங்கலாம் என்று.

அவள் டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"எனக்குப் புதுசு வேண்டாம்க்கா. இதே போன், அதே எடத்துல, அவிய கண்ணு முன்னால அடிக்கணும். படம், பாட்டு, நம்பர் எல்லாம் போனா போவுது. மணி அடிச்சாப் போதும்."

நானும் அப்படி ஒரு விடுதியில் இருந்தவள்தான். ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்யும் கம்பெனி ஒன்றில் முதலில் லைனில் ஸ்க்ரூ போட்டேன். பிறகு ரீவொர்க் பிரிவுக்கு மாற்றினார்கள். பழுதான போர்டுகள் அங்கே வரும். மீட்டரை வைத்தால் பீப் என்று கத்துகிறவை, அதாவது எங்கோ உள்ளே ஷார்ட் ஆனவை, நேராக ஸ்கிராப் தட்டுக்குப் போய்விடும். தேட நேரம் கிடையாது. ஒருநாள் சூப்பர்வைசரிடம், "ஷார்ட் எங்க இருக்குன்னு பாக்கவே மாட்டோமா சார்?" என்று கேட்டேன். "உனுக்கு இன்னாத்துக்கும்மா அது? டார்கெட்டப் பாரு" என்றார். அந்த மாடலைக் கம்பெனி நிறுத்தியதும் எங்களையும் நிறுத்தினார்கள். காலையில் ஏறிவந்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஸ்கிராப் தட்டில் கிடந்த போர்டுகளை நான் மறக்கவில்லை. சென்னைக்குப் போய், போர்டிலுள்ள சிப்பையே பழுதுபார்க்கக் கற்றுத்தருகிற சிப் லெவல் வகுப்பில் சேர்ந்தேன். டெம்பர் கிளாஸ் ஒட்டுகிற வகுப்பு முன் அறையில் நடக்கிறது என்று வாசலில் இருந்தவர் எனக்கு வழிகாட்டினார். நான் நேராக உள்ளறைக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண்ணின் டப்பாவிலிருந்து போனை எடுத்தேன். "முடியும்னு சொல்ல மாட்டேன். பாக்கறேன்," என்றேன்.

பின்மூடியைத் திறந்ததும் பினாயில் வாடை அடித்தது. சார்ஜ் போடுகிற துளையில் ஒரு அரிசி நொய் சிக்கியிருந்தது. பேட்டரியைக் கழற்றி, போர்டை வெளியே எடுத்து மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தபோது சோப்புப் படலமும், அதன்மேல் வெள்ளைத் தூளும், இரண்டு மூன்று இடங்களில் பச்சைக் களிம்பும் தெரிந்தன. பழைய டூத் பிரஷ்ஷால் ஐபிஏ என்கிற ஆல்கஹாலைத் தொட்டுத் தேய்த்துக் கழுவினேன். மின்விசிறிக்கு முன்னால் காயவைத்துவிட்டு, பேட்டரி சேருகிற முனையில் மீட்டரை வைத்தேன். பீப். நிற்காத பீப். பேட்டரியின் மின்சாரம் போர்டுக்குள் எந்த வேலையும் செய்யாமல் நேராக கிரவுண்டுக்கு, அதாவது போர்டின் தரைக்கு ஓடுகிறது என்று அர்த்தம்.

ஷார்ட்டைத் தேடுவதில் ஒரு வசதி உண்டு. தப்பான வழியில் மின்சாரம் ஓடுகிற இடம் சுடும். சூட்டைக் காட்டும் கேமரா பெரிய கடைகளில் இருக்கும், என்னிடம் கிடையாது. பவர் சப்ளையிலிருந்து கொஞ்சமாக மின்சாரத்தை அந்த முனையில் கொடுத்துவிட்டு, போர்டு முழுக்க ஐபிஏ ஊற்றினேன். எந்த இடம் முதலில் காய்கிறதோ அதுதான் சுடுகிற இடம். சார்ஜிங் சிப்புக்குப் பக்கத்தில், கடுகில் பாதிகூட இல்லாத ஒரு கப்பாசிட்டரைச் சுற்றி ஈரம் சட்டென்று விலகியது. மறுபடி ஊற்றினேன், மறுபடி அங்கேதான். ப்ளோயரால் சூடாக்கி அதைத் தூக்கினேன். மீட்டரை வைத்தேன். பீப் இல்லை.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொல்லாமல் இருந்தது நல்லதாயிற்று. பவர் பட்டனை அழுத்தினால் பவர் சப்ளையின் அளவில் மின்சாரம் கொஞ்சம் ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது. திரை கறுப்பாகவே கிடந்தது. உள்ளே இன்னொரு ஷார்ட் இருந்தது.

அதைத் தேடிக்கொண்டிருந்த வாரத்தில்தான் கடை உரிமையாளர் வந்தார். அந்த வரிசைக் கடைகள் எல்லாம் அவருடையவை. பின்தெருவில் விடுதி நடக்கிற கட்டடமும் அவருடையதுதான். விடுதியை நடத்துவது அவருடைய மச்சினர். உரிமையாளர் நல்ல மனிதர். என் கடைக்கு முன்னால் தார்ப்பாய் கிழிந்தபோது அவராகவே ஆளை அனுப்பி மாற்றிக் கொடுத்தவர்.

"இன்னாம்மா, தொழில் எப்டி கீது?"

"பரவால்லண்ணா. உக்காருங்க."

உட்காரவில்லை. மேஜைமேல் பிரிந்து கிடந்த போனைப் பார்த்தார். "இது அந்த ஆஸ்டல் பொண்ணோடதா?"

"ஆமாண்ணா."

"ரிப்பேர் ஆவாதுன்னு சொல்லி குடுத்துடும்மா."

"இன்னும் பாத்து முடிக்கலையே."

"பாக்காத. அத்தான் சொல்றேன். அந்த வார்டனம்மா எல்லார் எதுருக்கயும் வாளில போட்டுட்டாங்க. போட்டது தப்புதான், நா இல்லன்னு சொல்லல. ஆனா இப்போ இது ஓடிச்சின்னு வெச்சிக்க, அந்தம்மாவ நாளிக்கு எவளும் மதிக்க மாட்டா. நூத்துக்கணக்குல பொண்ணுங்கள வெச்சிக்கினு மச்சான் இன்னா பண்ணுவான்? போர்டு போச்சின்னு சொல்லிடு. முடிஞ்சிது."

"போர்டு போகலண்ணா. ஒரு இடத்துல எடுத்துட்டேன், இன்னொரு இடம் பாக்கி."

"அது உனுக்கும் எனுக்கும்தான தெரியும்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய்யி இல்லம்மா, அட்ஜஸ்ட்மெண்ட்," என்றார். நிஜமாகவே அவருக்கு அப்படித்தான் தோன்றியது. குரலில் மிரட்டல் இல்லை. எனக்கு நல்லது சொல்லிக்கொடுக்கிற மாதிரி பேசினார். அதுதான் எனக்கு ஆகவில்லை. மிரட்டியிருந்தால் பயந்திருப்பேனோ என்னவோ.

"அண்ணா, எங்கிட்ட வர்ற போனை நான் பார்ப்பேன். முடியலன்னா முடியலன்னு சொல்லுவேன். முடிஞ்சா முடிஞ்சுதுன்னு சொல்லுவேன். வேற மாதிரி சொல்ல எனக்கு வராது."

அவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "யோசி. எனுக்கு இந்தக் கடைய வேற ஆளுக்கு விடறதுக்கும் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"உனக்கு எதுக்கு இந்த வம்பு? அந்தப் பொண்ணு யாரு உனக்கு?"

"யாரும் இல்ல."

"அப்புறம்?"

"அந்தப் பொண்ணுக்காக மட்டும் இல்ல. நல்லா இருக்கிற போர்டைச் செத்துப்போச்சுன்னு என் வாயால சொல்லச் சொல்றாங்க. கம்பெனில தட்டுல போட்டப்பவும் அதத்தான் பண்ணாங்க. அங்க சம்பளம் குடுத்தாங்க, வாய மூடிக்கிட்டு இருந்தேன். இது என் மேஜை."

"கடைய காலி பண்ணச் சொன்னா?"

"பண்ணுவேன்."

அவர் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சாப்பாட்டுப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஷிஃப்ட்டுக்குப் போனார்.

நான் போர்டோடு உட்கார்ந்தேன். இரண்டாவது ஷார்ட் முதலாவதைப்போல வெளிப்படையாக இல்லை. பேட்டரியிலிருந்து வருகிற மின்சாரத்தைப் பவர் சிப் சிறுசிறு கிளைகளாகப் பிரித்துக் கொடுக்கும். அதில் ஏதோ ஒரு கிளை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பவர் சிப்பைச் சுற்றியிருக்கிற காயில்களில் ஒவ்வொன்றாக மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் பீப். அந்தக் கிளை பிராசசருக்கும், அதாவது போனின் மூளைக்கும் போகிறது. அதில் கொஞ்சம் அதிகமாக மின்சாரம் கொடுத்துவிட்டால் பிராசசர் போய்விடும். அதற்குப் பிறகு போர்டு செத்துவிட்டது என்று நான் சொன்னால் அது உண்மையாகவே இருக்கும்.

ஐபிஏ இங்கே போதவில்லை. ஒரே சமயத்தில் எல்லா இடமும் காய்ந்தது. ரோசின் என்கிற பிசின் கட்டியைச் சூடான சால்டரிங் இரும்பின் முனையில் தொட்டு, எழுந்த புகையைப் போர்டுமேல் பிடித்தேன். வெள்ளை மாவு தூவியதுபோல எல்லாச் சாமான்கள்மேலும் மெல்லிய படலம் படிந்தது. எந்தச் சாமான் சுடுகிறதோ அதன்மேல் அந்தப் படலம் உருகிக் கண்ணாடியாகிவிடும். மின்சாரத்தை மிகக் குறைவாக வைத்துக் கொடுத்தேன். ஒன்றும் உருகவில்லை. கொஞ்சம் கூட்டினேன். உருகவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்ட விரல் வரவில்லை. வெளியே ஒரு கண்டெய்னர் லாரி போனது. மேஜை அதிர்ந்து அடங்கியது. துளி கூட்டினேன்.

நான் கண்ணை வைத்திருந்தது பிராசசர் பக்கம். உருகியது போர்டின் எதிர் ஓரத்தில். ஒரு சின்னச் சதுரச் சிப்பின் வெள்ளை மட்டும் மறைந்து, கறுப்பாகப் பளபளத்தது. போனைப் படுக்கவைத்தால் திரையும் படுத்துத் திரும்புகிறதே, அதைக் கவனிக்கிற சென்சார். அது இல்லாமலும் போன் ஓடும். அதன் அடியில் பினாயில் தண்ணீர் புகுந்து களிம்பேறியிருந்தது. ப்ளோயரைப் பிடித்து, ஈயம் இளகியதும் சிப்பைத் தூக்கினேன். மீட்டர் வாயைத் திறக்கவில்லை.

பேட்டரியை மாட்டி பட்டனை அழுத்தினேன். போன் ஒருமுறை அதிர்ந்தது. திரையில் வெளிச்சம் வந்தது. எழுந்து வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது. எதிரே கம்பெனி பஸ்கள்தான் போய்க்கொண்டிருந்தன.

அடுத்த விடுமுறை நாளில் அந்தப் பெண் வந்தாள். போனைப் படுக்கவைத்தால் திரை இனி திரும்பாது என்று சொன்னேன்.

"திரும்பாட்டா என்னக்கா. நான் திருப்பிக்கிடுதேன்," என்றாள்.

போன் ஓயாமல் அதிர்ந்து, நின்றிருந்த செய்திகளையெல்லாம் கொட்டியது. அக்காவின் குழந்தை மஞ்சள் துணிக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த படத்தை எனக்குக் காட்டினாள். பிறகு என்னிடம் ஒன்று கேட்டாள்.

"இன்னிக்கு வரிசைல நிக்கும்போது நீங்க கூப்பிடுவியளாக்கா?"

"உன்னை வெளிய அனுப்பிடுவாங்க. தெரியும்ல?"

"தெரியும். பெட்டி கட்டி வச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

அவளை அனுப்பினால் எங்கே போவாள் என்று கேட்டேன். கூட வேலை செய்கிற பெண்கள் சிலர் பென்னலூரில் வீடு எடுத்திருப்பதாகவும், அங்கே பாய் போட இடம் இருப்பதாகவும் சொன்னாள். ஏற்கெனவே எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். சரி என்றேன்.

சாயங்காலம் அவள் சொன்ன நேரத்துக்கு, கடை வாசலில் நின்று அவள் எண்ணைப் போட்டேன். பின்தெருதான். என் காதில் மணி போய்க்கொண்டிருந்தபோதே, விடுதிக் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து அவளுடைய போன் அடிக்கிற சத்தமும் கேட்டது. முழுச் சத்தத்தில் வைத்திருந்தாள். ஏதோ ஒரு குத்துப்பாட்டு. பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது. அவள் உடனே எடுக்கவில்லை. நன்றாக அடிக்கவிட்டாள். பிறகு எடுத்தாள், எடுத்து, பேசாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அங்கே நடந்தது எனக்கு அப்படியே கேட்டது.

"யாருடி அது? அந்தப் போனா இது?"

"ஆமா மேடம். அதே போன்தான்."

"ஆஃப் பண்ணு."

"பண்ண மாட்டேன் மேடம்."

"இன்னா திமிரு ஒனக்கு! குடு இங்க."

"தர மாட்டேன். இது எம் போனு. போன தடவ நீங்க புடுங்குனப்ப சும்மா நின்னேன். இன்னிக்கு நிக்க மாட்டேன். வாளில போடணும்னா என்னையும் சேத்துத் தூக்கிப் போடுங்க."

பிறகு யாரோ ஒருத்தி சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் வெளியே வந்த சிரிப்பு. அதைத் தொடர்ந்து இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்கச் சிரிப்பது காம்பவுண்டைத் தாண்டி எனக்கு நேராகவே கேட்டது, போன் தேவைப்படவில்லை. வார்டன் கத்தினாள். யாரும் நிறுத்தியதாகத் தெரியவில்லை.

அந்தச் சாயங்காலமே அவளை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். ஆட்டோவில் பெட்டியோடு கடை வழியாகப் போனபோது தலையை நீட்டி, "வாரேன்க்கா!" என்று கத்தினாள். கூட இன்னும் இரண்டு பெண்கள் அவர்களாகவே பெட்டியை எடுத்துக்கொண்டு அதே ஆட்டோவில் ஏறியிருந்தார்கள்.

கடை உரிமையாளர் காலையில் வந்தார். இந்த முறை நலம் விசாரிக்கவில்லை. "மாசம் முடிஞ்சதும் காலி பண்ணிடும்மா," என்றார்.

"சரிண்ணா."

"எம் பேச்ச ஒரு வார்த்த கேட்டிருந்தா போதும். நல்லாத்தான இருந்தோம்."

"ஆமாண்ணா, நல்லாத்தான் இருந்தோம். நீங்க வந்து கேக்கற வரைக்கும்."

அவர் முகம் சுருங்கியது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

சேரப்பணஞ்சேரியில் ஒரு இடம் கிடைத்தது. பழைய கடையில் பாதி அளவு. வெயில் நேராக உள்ளே விழும். ஒரகடத்து நடமாட்டம் இங்கே கிடையாது. முதல் சில மாதம் ஈயோட்டினேன் என்றே சொல்லலாம். சாமான் மாற்றிய அன்றைக்கு என் கணவர் லீவு போட்டுவிட்டு ஒரு குட்டி யானை வண்டியோடு வந்தார். மைக்ரோஸ்கோப்பை மட்டும் வண்டியில் வைக்க விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். வம்பு என்று அவர் சொன்னதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அதை வம்பு என்றுதான் சொல்கிறார்.

விடுதியில் அந்த வார்டனே இருக்கிறாள். பெயர் கூப்பிடுகிற வரிசையும் இருக்கிறது. போனைத் தொடக்கூடாது என்ற விதியும் சுவரில் ஒட்டியபடி இருக்கிறதாம். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பெண்ணின் கையிலிருந்தும் அவள் போனைப் பிடுங்கவில்லை என்று அங்கிருந்து வருகிற பெண்கள் சொல்கிறார்கள். அவர்கள் இவ்வளவு தூரம் ஷேர் ஆட்டோ பிடித்து என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலும் உடைந்த திரை, உப்பிய பேட்டரி. எப்போதாவது ஷார்ட்.

போன வாரம் படப்பையிலிருந்து ஒருவர் வந்தார். போனை நீட்டிவிட்டு, என்னைத் தாண்டிக் கடைக்குள்ளே எட்டிப் பார்த்தார்.

"மெக்கானிக் இல்லியாம்மா?"

"நான்தான். குடுங்க."

"இல்ல, போர்டுல ஏதோ ப்ராப்ளம்னாங்க. கஷ்டமான வேல. அவுரு வந்தப்புறம் வரட்டா?"

"எவரு?" என்றேன்.

அவர் மறுபடியும் கடைக்குள்ளே எட்டிப் பார்த்தபோது, நான் அவர் கையிலிருந்து போனை வாங்கி, பின்மூடியைச் சூடாக்க ப்ளோயரைப் போட்டுவிட்டேன்.